முடிந்ததா, முடித்ததா? அவசர காலத்தின் இறுதியைத் தமிழ்ப்பள்ளிச் சிறார்க்குச் சொல்லுதல்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்று உண்டு. 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில் அத்தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில், அண்மையிலிருந்த பின் சூன் தோட்டத்தில் ஜான் அல்லிசனும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களுக்குள் மலாயாக் கூட்டரசு முழுமைக்கும் அவசர காலம் பிரகடனமாயிற்று. பன்னிரண்டு ஆண்டு நீடித்த ஒரு போரின் முதல் வெடிச்சத்தத்தைக் கேட்டவர்களுள் தோட்டத்துக் கிராணிமாரும் பால்மரம் சீவச் சென்றிருந்த தமிழ்த் தொழிலாளரும் அடங்குவர்.

ஆகவே, அப்போர் தொடங்கிய இடத்தைப் பேராக் மாநிலத்து ஆசிரியர் விரல்நீட்டிக் காட்டிவிடலாம். அது முடிந்த இடத்தைக் காட்டுவதுதான் அரிது. முடிந்த நாளைச் சொல்லிவிடுகிறோம்: 1960 ஜூலை 31. மாணவரும் அதனை மனனம் செய்துவிடுகின்றனர். ஆயின் அந்நாளில் எது முடிந்தது, யாருக்கு முடிந்தது, யாரால் முடிந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டியது அந்த ஒரு வாக்கியத்தின் பயனிலைதான். அப்பயனிலையை நம் வகுப்பறைகள் எங்கிருந்து பெற்றன, அதன் உள்ளே யாருக்கு இடமிருக்கிறது, யாருக்கு இல்லை என்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலேய ஆட்சி இதனைப் போர் என்று அழைக்கவில்லை. போர் என்றால் இலண்டன் காப்புறுதி நிறுவனங்கள் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய மாட்டா என்பதே அதற்குப் பரவலாகக் கூறப்படும் காரணம். காட்டிலிருந்தோர் இதனைத் தேசிய விடுதலைப் போர் என்றனர். மலாயில் இன்றும் டாருராட் என்பதே வழக்கு. தமிழில் நாம் அதனை நேரே மொழிபெயர்த்து 'அவசர காலம்' என்கிறோம். கொல்லப்பட்ட கொரில்லாக்கள் 6,700க்கு மேற்பட்டோர். பாதுகாப்புப் படையினர் 1,800க்கு மேற்பட்டோர். பொதுமக்கள் ஏறத்தாழ 2,470 பேர். இரு புறத்திலும் மடிந்தோர் பெரும்பாலும் இந்நாட்டில் வாழ்ந்தோரே. இத்தனை பேர் மடிந்த ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளையிடம் அவசரம் என்று சொன்னால், அப்பிள்ளை மருத்துவமனை வண்டியைத்தான் நினைத்துக்கொள்ளும். வகுப்பறையில் ஒரு முறையேனும் போர் என்னும் சொல்லைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு 'அவசர காலம்' என்னும் ஆட்சிச்சொல்லுக்கு வருவதே நேர்மையானது என்பது என் கருத்து.

இனிப் பயனிலைக்கு வருவோம். 'முடி' என்னும் வேர்ச்சொல் தமிழில் 'முடிந்தது' எனத் தன்வினையாகவும் 'முடித்தது' எனப் பிறவினையாகவும் வரும். இவ்வேறுபாட்டைத் தொடக்கப்பள்ளி இலக்கணத்திலேயே நாம் கற்பிக்கிறோம். பாட்டு முடிந்தது, பாடகர் பாட்டை முடித்தார். ஆனால், அடுத்த பாட வேளையில் வரலாற்று நூலைத் திறந்ததும் அவ்விலக்கணத்தை நாமே மறந்துவிடுகிறோம். 'அவசர காலம் முடிவுக்கு வந்தது' என்று சொன்னால், அது மழைபோலத் தானே பெய்து தானே ஓய்ந்ததாகிவிடும். 'கம்யூனிஸ்டுகள் ஒழிக்கப்பட்டனர்' என்பது செயப்பாட்டு வினை. ஒழித்தவர் யார், எப்படி ஒழித்தார் என்பதை அது விழுங்கிவிடும். 'அரசு முடித்தது' என்றால் செய்தவர் கிடைக்கிறார். ஆனால் 1960க்குப் பின்னும் சுடப்பட்டு இறந்தவர்களை அந்த வாக்கியத்துக்குள் எங்கே வைப்பது?

நம் பாடத்திட்ட மரபு இதில் பெரிதும் உதவவில்லை. 2014ஆம் ஆண்டில்தான் தொடக்கப்பள்ளியில், நான்காம் ஆண்டிலிருந்து, வரலாறு தனிப்பாடமாயிற்று. அதற்கு முன் அது வட்டாரக் கல்வியோடு கலந்திருந்தது. விடுதலைக் கதை சிறாருக்குத் துங்கு அப்துல் ரஹ்மானின் இலண்டன் பயணமாகவும் 1957 ஆகஸ்டு 31ஆம் நாளின் முழக்கமாகவும் சொல்லப்படுகிறது. போரைப் பற்றிய விரிவான பாடம் இடைநிலைப்பள்ளியில்தான் வருகிறது. புதிய இடைநிலைக் கலைத்திட்டத்தின் நான்காம் படிவத்தில் அவ்வத்தியாயத்தின் தலைப்பு, கம்யூனிஸ்டு அச்சுறுத்தலும் அவசர காலப் பிரகடனமும் என்பதாகும். அச்சுறுத்தல் என்பதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டால், அதன் இறுதி அச்சம் நீங்குதலாகத்தான் இருக்க முடியும். கதையின் முதற்சொல்லே இறுதிச்சொல்லையும் தீர்மானித்துவிடுகிறது. தலைப்பு பொய் என்று நான் கூறவில்லை. புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தில் 1950 பிப்ரவரி 23இல் மடிந்த காவலர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் அது அச்சுறுத்தலினும் மேலான ஒன்று. அத்தலைப்பு அவர்களுடைய பக்கத்து உண்மையைச் சொல்கிறது, அவ்வளவே.

கோலாலம்பூரிலுள்ள தேசிய நினைவுச்சின்னத்தைப் பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகள் படத்திலாவது கண்டிருப்பர். பிலிக்ஸ் டி வெல்டன் வடித்து 1966இல் திறக்கப்பட்டது அது. ஏழு உருவங்கள் உள்ளன. ஐவர் நிற்க, இருவர் காலடியில் வீழ்ந்து கிடக்கின்றனர். நிற்பவர்களின் பண்புகளைக் குறித்து நாம் நிறையச் சொல்லிக் கொடுக்கிறோம். கீழே கிடப்பவர் யார் என்று கேட்கும் பிள்ளை வகுப்பில் ஒருவரேனும் இருப்பார். அந்த வினாவை அடக்கிவிடும் ஆசிரியர், தாமறியாமலே அச்சிற்பத்தின் பிறவினையைத் தம் வகுப்பிலும் நிறுவிவிடுகிறார். மேலும், இச்சின்னமே 1975 ஆகஸ்டில் குண்டுவைத்துச் சேதப்படுத்தப்பட்டது என்னும் செய்தி, 1960இல் போர் முடிந்தது என்னும் வாக்கியத்தின் அருகில் வைக்கப்பட்டால் என்னாகும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பேராக்கிலிருந்து நோக்குமிடத்து இது இன்னும் தெளிவாகும். தாய்லாந்து எல்லையை ஒட்டிய குரோ, இன்று பெங்காலான் ஹூலு எனப்படுவது. அங்கிருந்து பெத்தோங் செல்லும் சாலையில் 1968 ஜூன் 17ஆம் நாள் பதுங்கியிருந்தோர் பாதுகாப்புப் படையினர் 17 பேரைக் கொன்றனர். அத்தாக்குதலை இரண்டாம் கிளர்ச்சியின் தொடக்கமாக வரலாற்றாசிரியர் கொள்வர். 1975 நவம்பரில் மாநிலக் காவல்துறைத் தலைவர் ஈப்போ நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கிரிக்கிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை காட்டிலிருந்தோரின் தாக்குதல்களுக்கிடையே வெட்டப்பட்டு 1982இல் திறக்கப்பட்டது. ஈப்போவில் ஐம்பது வயதைக் கடந்த எவரும் இவற்றுள் ஒன்றையேனும் கேட்டிருப்பர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் 1960 என்று எழுதி மதிப்பெண் பெறுகின்றனர்.

சரண் என்னும் சொல்

இப்போரின் இறுதியை ஒரு சொல்லின் வரலாறாகவும் படிக்கலாம். 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் கெடாவின் பாலிங் நகரில், ஒரு பள்ளிக்கூடத்தில், பேச்சுவார்த்தை நடைபெற்றது. ஒரு புறம் துங்கு, சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், தான் செங் லோக் ஆகியோர். மறுபுறம் சின் பெங், ரஷீத் மைடின், சென் தியன் ஆகியோர். சின் பெங் காட்டிலிருந்து வெளிப்பட்ட இடம் பேராக்கின் வடகோடியிலுள்ள கிளியான் இந்தான். பேச்சு முறிந்தது. ஆயுதங்களைக் கைவிடுவது சரணடைவதாகக் கொள்ளப்படும், கட்சிக்கு ஏற்பு கிட்டாது, வெளிவருவோர் விசாரணைக்கு உள்ளாக்கப்படுவர் என்னும் நிலையைக் காட்டிலிருந்து வந்தோர் ஏற்கவில்லை. ஆனால், உள்நாட்டுப் பாதுகாப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வந்தால் போரைக் கைவிட ஆயத்தமென்று சின் பெங் உணர்த்தியது, சில வாரங்களில் இலண்டனுக்குச் சென்ற துங்குவின் கையில் வலுவான துருப்பாயிற்று. தோற்றுப்போன ஒரு பேச்சுவார்த்தை விடுதலையை விரைவுபடுத்தியது எனலாம். சிறார்க்குச் சொல்வதற்கு இதனினும் சுவையான பகுதி இவ்வரலாற்றில் இல்லை. பள்ளிக்கூடம், மேசை, இரண்டு நாள், ஒரே ஒரு சொல்லில் இடறிய உரையாடல். ஆயினும் நம் மேடைகளில் நடிக்கப்படும் சுதந்திர தின நாடகங்களில் மெர்டேக்கா அரங்கமே வருகிறது. பாலிங் பள்ளி வருவதில்லை.

அதே சொல் மீண்டும் தலைநீட்டியது 1989 டிசம்பர் 2ஆம் நாள், தென் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில். மலேசிய அரசு, தாய்லாந்துத் தரப்பு, மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி மூன்றும் கையொப்பமிட்ட உடன்பாட்டில் சரணடைதல் என்பது இல்லை. ஆயுதங்கள் ஒப்படைக்கப்படாமல் அழிக்கப்படும் என்றே முடிவாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பேச்சை முறித்த சொல்லை விலக்கி வைத்ததால் உடன்பாடு இயன்றது. மொழியாசிரியர்களாகிய நாம் இதனைவிடப் பெரிய சான்றை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஆனால் 'கம்யூனிஸ்டுகள் 1989இல் சரணடைந்தனர்' என்று எழுதப்பட்ட மாணவர் குறிப்பேடுகளைக் காணும்போது, எந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்காக ஒரு தலைமுறை காத்திருந்ததோ அச்சொல்லையே நாம் எளிதாக இட்டு நிரப்பிவிடுகிறோம் என்பது புலனாகும்.

இவ்விடத்தில் பேராக் மாணவர்க்குச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஹாட்யாயில் கட்சியின் சார்பில் கையொப்பமிட்ட சின் பெங் சித்தியவானில் பிறந்தவர், ரஷீத் மைடின் கோப்பெங்கில் பிறந்தவர், அப்துல்லா சி.டி. பாரிட் வட்டாரத்தவர். மூவரும் பேராக் மண்ணினர்; இருவர் மலாய்க்காரர். இப்போர் ஓர் இனத்தின் கலகம் என்னும் எளிய எண்ணம் இவ்வூர்ப் பெயர்களைச் சொன்ன மாத்திரத்திலேயே ஆட்டம் காண்கிறது. சின் பெங் நாடு திரும்பத் தொடுத்த வழக்கு 2009இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. 2013 செப்டம்பர் 16இல் பாங்காக்கில் அவர் காலமானார். அவருடைய அஸ்தி 2019இல் பேராக்குக்குக் கொண்டுவரப்பட்ட செய்தி வெளிவந்தபோது நாட்டில் எழுந்த சீற்றம், போர் எவ்வளவு முடிந்திருந்தது என்பதற்கு ஓர் அளவுகோல்.

தோட்டத்துக்கு எப்போது முடிந்தது?

மேற்கூறிய கதைகள் அனைத்திலும் தமிழர் எங்கே இருக்கிறார்கள் என்பது இயல்பாக எழும் வினா. வென்றோர் வரிசையிலும் தோற்றோர் வரிசையிலும் நாம் அடிக்குறிப்பாகவே நிற்கிறோம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல்நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். பேராக்கில் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் வளர்த்த ஆர்.ஜி. பாலன் 1948இல் கைதாகிப் பல்லாண்டு தடுப்புக் காவலில் இருந்தார். மறுபுறம், தோட்டக் காவலில் நின்ற தமிழரும் இருந்தனர். இவர்களைத் தவிர்த்துப் பெரும்பான்மையினராகிய லயத்து மக்கள் எப்பக்கமும் சேராமல், ஆனால் எப்பக்கத்துக்கும் அஞ்சி வாழ்ந்தனர். இரவில் காட்டிலிருந்து வருவோர் அரிசி கேட்பர்; பகலில் காவலர் வந்து அரிசி கொடுத்தாயா என்று கேட்பர்.

புதுக்கிராமங்களைப் பற்றி நாம் அறிவோம். பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சீனர், முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டனர். அதே காலத்தில் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஓரிடத்தில் திரட்டிக் குடியமர்த்தப்பட்டனர் என்பதை நம்மவர் பலர் அறிந்திருப்பதில்லை. சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்று சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. விடியுமுன் வாயிலில் வரிசை, உடற்சோதனை, பால்வாளிக்குள்ளும் பார்வை. உணவுக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த இடங்களில் சீவச் செல்வோர் காலைச் சோற்றைக்கூட வெளியே எடுத்துச் செல்ல இயலவில்லை. கடையில் விற்கும் டின்களைத் துளையிட்டே கொடுக்க வேண்டும். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. இதனைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வது கடினமன்று. துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதைவிடச் சோற்றுப்பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதே எளிது. உண்மைக்கும் அதுவே அருகில் உள்ளது.

அவ்வேலியிலிருந்து நோக்கினால் போர் ஒரே நாளில் முடியவில்லை. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி 'வெள்ளைப் பகுதி' என அறிவிக்கப்பட்டு, அங்கே உணவுக் கட்டுப்பாடும் ஊரடங்கும் நீக்கப்பட்டன. பின்னர் மாவட்டம் மாவட்டமாக நாடு வெளுத்துவந்தது. வட பேராக் போன்ற எல்லைப்புறங்கள் கடைசி வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே, மலாக்காத் தோட்டத்துப் பாட்டிக்கும் கிரிக் தோட்டத்துப் பாட்டிக்கும் போர் முடிந்த ஆண்டு ஒன்றாக இருக்க இயலாது. வரைபடத்தில் நிறம் தீட்டச் சொல்லி இதனைச் சிறார்க்கு அரை மணி நேரத்தில் காட்டிவிடலாம். முடிவு என்பது ஒரு புள்ளியன்று, பரவிச் செல்லும் ஒன்று என்பதை அவர்கள் கைகளே கற்றுக்கொள்ளும்.

முடியாதவையும் உண்டு. அவசர காலத்தில்தான், 1948இல், பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. இன்று ஆறாம் ஆண்டு மாணவர் பன்னிரண்டு வயதில் பெருமிதத்தோடு பெற்றுவரும் மைகாட் அட்டை அதன் வழிவந்ததே. காட்டிலிருப்போரையும் வீட்டிலிருப்போரையும் பிரித்தறியப் போர் வகுத்த வயது, பிறந்தநாள் மகிழ்ச்சியாக நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. 1960 ஜூலை 31இல் அவசர காலச் சட்டங்கள் நீங்கின; மறுநாள் ஆகஸ்டு 1இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரம் ஒரு நாள்கூட ஓய்வெடுக்கவில்லை. அதன் புகழ்பெற்ற முகாம் அமைந்ததும் பேராக்கின் கமுந்திங்கில்தான். 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் அங்கு வைக்கப்பட்டதை நம் சமூகம் மறந்திராது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டு வேறொரு சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் நான்காம் ஆண்டு மாணவரிடம் சொல்ல வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஆனால், ஆசிரியர் அறிந்திருந்தால் 'எல்லாம் முடிந்தது' என்று சொல்ல அவருடைய நா கூசும்.

போரின் கடைசி ஆண்டுகளே தோட்டத் துண்டாடலின் ஆண்டுகள் என்பதும் ஈண்டு கருதத்தக்கது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை உங்கு அஜீஸ் ஆராய்ந்து நூலாக்கினார். அவ்வாய்வின் காலவரம்பு ஏறத்தாழப் போரின் காலவரம்பே. வேலி நீங்கிய இடங்களில் லயமும் நீங்கிற்று. விடுதலை நெருங்க நெருங்க ஆங்கிலேயக் கம்பெனிகள் விற்றுச் சென்றன, வாங்கியோர் துண்டுபோட்டனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதே 1960இல்தான். தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கும் முயற்சி அது. எனவே 1960 என்னும் ஆண்டைத் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கும்போது, கோலாலம்பூரில் நடந்த வெற்றி அணிவகுப்பை மட்டும் சொல்லி நிறுத்துவது அரைப் பாடமே. அவ்வாண்டு நம்மவருக்கு ஒரு போரின் முடிவு. மண்ணுக்கான வேறொரு போராட்டத்தின் தொடக்கம். தேர்வுத்தாளில் முன்னது வரும், பின்னது வராது.

இலக்கியம் என்ன செய்தது?

பாடநூல் விடும் இடைவெளியை இலக்கியம் நிரப்பும் என்பர். ஆங்கிலத்தில் இப்போர் உடனுக்குடன் புனைகதையாயிற்று. அந்தோணி பர்கெஸ் 1954, 1955 ஆண்டுகளில் கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். 1956 முதல் வெளிவந்த அவருடைய மலாயா முத்தொகுதியின் நாயகன் விக்டர் கிராப் ஒரு வரலாற்றாசிரியன். வெளியே போர் நடந்துகொண்டிருக்க, உள்ளே வரலாறு கற்பிக்க வந்தவன். தன்னைச் சுற்றி நிகழ்வதன் பொருள் அவனுக்கே பிடிபடுவதில்லை. சுங்கை சிப்புட்டுக்கு அண்டையூரில் இருந்தவரின் இக்கற்பனை நம் வரலாற்றாசிரியர்க்கு ஒரு கண்ணாடியாகக் கூடியது. ஆனால், அதில் தமிழர் பெரிதும் எள்ளலுக்குரியோராகவே வருகின்றனர். தோட்டத்து மக்களின் உள்ளத்தைப் பர்கெஸிடம் தேடுவது வீண்.

சீன மொழி எழுத்தில் நிலை வேறு. ஈப்போவில் பிறந்த லீ சூ ஷு முதலியோர், காட்டுக்குச் சென்ற உறவினரைப் பற்றி, அவர்கள் திரும்பி வராததைப் பற்றி, திரும்பி வந்தபின் வீட்டில் இடமில்லாததைப் பற்றி எழுதியுள்ளனர். போர் முடிந்த பின் பிறந்த தலைமுறை அதன் முடிவைக் கேள்விக்குள்ளாக்கும் எழுத்து அது. மலாயில் ரஷீத் மைடின், ஷம்சியா பாக்கே போன்றோரின் நினைவுநூல்கள் 2000க்குப் பிறகு வெளிவந்தன. திரைப்படத்தில் 1981இல் வந்த 'புக்கிட் கெப்போங்' நாடெங்கும் ஓடியது. சின் பெங்கின் வாழ்விடங்களைத் தொடர்ந்து சென்ற அமீர் முகம்மதுவின் ஆவணப்படம் 2006இல் தடை செய்யப்பட்டது. எந்தக் கதையைக் கேட்கலாம், எதனைக் கேட்கக் கூடாது என்பதற்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

தமிழில் அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' குறிப்பிடத்தக்கது. சயாம் மரண ரயிலையும் இந்திய தேசிய இராணுவத்தையும் நாவலாக்கியவர் கம்யூனிஸ்டுகளின் காலத்தையும் எழுதாமல் விடவில்லை. அவருக்கு முன்னும் பின்னும் சிறுகதைகளில் சிதறலாக அக்காலம் வருகிறது. எனினும், மலேசியத் தமிழ்ப் புனைவில் ஜப்பானியர் காலத்துக்குக் கிடைத்த இடம் அவசர காலத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் மதிப்பீடு. காரணம் ஊகிக்கக் கூடியதே. ஜப்பானியர் காலத்தில் துன்புறுத்தியவன் வெளியாள், துன்புற்றவர் நாம், கதை நேர்க்கோட்டில் செல்லும். அவசர காலத்தில் அரிசி கேட்டவன் நேற்றுச் சங்கக் கூட்டத்தில் உடனிருந்தவன். சோதனையிட்டவர்களிலும் நம்மவர் உண்டு. மேலும், கம்யூனிஸ்டு என்னும் ஐயம் யார்மீது விழுந்தாலும் நாடுகடத்தலோ சிறையோ பின்தொடரும் காலத்தில் வாயடைத்துக்கொண்ட தலைமுறை, ஆபத்து நீங்கிய பின்னும் வாய்திறக்கப் பழகவில்லை. சிறுவர் இலக்கியத்தைப் பற்றிப் பேசவே வேண்டா. யானையும் முயலும் நன்னெறியும் நிரம்பிய நம் சிறுவர் கதைகளில், வேலிக்குள் வளர்ந்த ஒரு தோட்டத்துச் சிறுமி இன்னும் நடந்து வரவில்லை.

அச்சிறுமியை எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறார் கதைக்கு வீரன் தேவை என்று எண்ணிக் கணபதியை மாவீரனாகவோ, வேலி கட்டியவனை அரக்கனாகவோ ஆக்கிவிட்டால், நாம் பாடநூலின் பிறவினையைத் திருப்பிப் போட்டோமேயன்றி வேறொன்றும் செய்யவில்லை. வாக்கர் என்னும் மேலாளர் சுடப்பட்டதும் ஒரு மரணமே. பத்து காஜாவின் தேவாலயத்தை ஒட்டிய சிறு கல்லறைத் தோட்டத்தில் அவசர காலத்தில் மடிந்த தோட்டத்துரைமாரும் பிறரும் துயில்கின்றனர். ஆண்டுதோறும் ஜூனில் அவர்களுக்கு அஞ்சலி நடைபெற்று வந்துள்ளது. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்ட 24 தொழிலாளரின் குடும்பத்தார் விசாரணை வேண்டி 2015 வரை இலண்டன் நீதிமன்றப் படிகளில் ஏறினர். இவ்விரு துயரங்களையும் ஒரே பாடவேளையில் சொல்லத் துணியும் ஆசிரியரைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். பிள்ளைகள் குழம்பிவிடுவர் என்பது பெரியவர்களின் அச்சம். இராமாயணத்தில் வாலி வதத்தைக் கேட்டு 'மறைந்து நின்று அடித்தது சரியா?' என்று வினவும் பிள்ளைகள் இதற்கும் வினவுவர்.

ஈழத்தை நினையாமல் தமிழர் எவரும் போர் முடிவைப் பற்றிப் பேச இயலாது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போருக்கு, தெற்கில் அது வெற்றி நாள். வடக்கிலும் கிழக்கிலும் மே 18 துயர் நாள். ஒரே வாரம், இரண்டு பயனிலைகள். அங்குள்ள தமிழாசிரியர், தம் முன் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டில் யார் காணாமற்போனவர் என்று அறிந்தே வாய் திறக்க வேண்டும். நமக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. எழுபது ஆண்டுத் தொலைவு நமக்கு வாய்த்திருக்கிறது. அத்தொலைவு அமைதியாகப் பேச இடந்தருகிறது. கூடவே, சாட்சிகளையும் கொண்டு சென்றுவிடுகிறது. 1950இல் பத்து வயதினராயிருந்து வேலி வாயிலில் தாயின் கையைப் பிடித்து நின்றவர்கள் இன்று எண்பத்தைந்தைத் தொட்டவர்கள்.

எனவே நடைமுறையாக ஒன்றிரண்டு சொல்லலாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவரிடம் 'போர் எப்போது முடிந்தது?' என்று கேட்பதற்குப் பதில், 'உங்கள் ஊரில் வேலியை எப்போது எடுத்தார்கள்?' என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பலாம். விடை கிடைக்காமல் திரும்பும் பிள்ளைகளும் இருப்பர்; அவ்விடையின்மையையும் கரும்பலகையில் எழுதலாம். மொழிப் பாடத்தில் தன்வினை பிறவினை நடத்தும் நாளில், 'அவசர காலம் முடிந்தது', 'அவசர காலத்தை முடித்தனர்', 'ஆயுதங்களைக் கைவிட்டனர்', 'சரணடைந்தனர்' என்னும் நான்கு வாக்கியங்களையும் கொடுத்து, ஒவ்வொன்றையும் யார் சொல்லியிருப்பார் என்று கேட்கலாம். இலக்கணமும் வரலாறும் ஒரே வேளையில் நடந்துவிடும். கூடுதல் நேரம் வேண்டியதில்லை.

மற்றொன்று, பள்ளிகளின் பழைய ஏடுகள். பேராக்கில் மூடப்பட்ட, இடம் மாறிய, இணைக்கப்பட்ட தோட்டப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளும் சேர்க்கைப் பதிவேடுகளும் எங்கேனும் அலமாரிகளில் எஞ்சியிருக்குமானால், 1950க்கும் 1954க்கும் இடைப்பட்ட பக்கங்களை முதலில் புரட்ட வேண்டும். லயங்கள் திரட்டப்பட்டபோது எந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தனர், எவர் இடையில் நின்றுபோயினர் என்பதற்கு அவற்றைவிட நேரடியான சான்று இருக்க இயலாது. இந்திய ஆய்வியல் பயிலும் மாணவர் ஓராண்டு முயன்றால் சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா வட்டாரங்களை முடித்துவிடலாம். கரையானுக்கு அந்த ஓராண்டு தேவைப்படாது.